எரிமலை மண்ணின் சுவை இயற்கை ஒயினில் தெரியுமா? எட்னாவில் ஒன்பது அறுவடை பார்த்தவனின் பதில்

கேள்வி: எரிமலை மண்ணில் விளைந்த திராட்சையிலிருந்து, எதுவும் சேர்க்காமல் எடுக்கும் இயற்கை ஒயினில் அந்த மண்ணின் சுவை நிஜமாகவே தெரியுமா? இல்லை, விற்பதற்காகச் சொல்கிறார்களா?

யாரோ உங்களுக்கு ஒரு புட்டியைத் திறந்து ஊற்றி, "தீக்குச்சி உரசின வாசம் வருகிறதா? அதுதான் எரிமலை" என்று சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு அவிந்த முட்டை வாசம்தான் வந்திருக்கும். சபையில் சொல்லக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருப்பீர்கள். அப்படித்தான் நடந்தது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மண்ணின் குணம் ஒயினில் தெரியும். ஆனால் புகையாக, சாம்பலாக, கந்தகமாகத் தெரியாது. உங்களுக்கு வந்த அந்த வாசம் பெரும்பாலும் மலையிலிருந்து வந்ததல்ல, தொட்டியைக் கவனிக்காமல் விட்ட ஆளிடமிருந்து வந்தது. இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறாய் என்றால், ஒரு வருடம் அந்த ஆள் நான்தான்.

நான் ஒயின் படிப்பு படித்தவன் இல்லை. இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில், ஒரு முதியவரை வீட்டோடு இருந்து பராமரிக்கும் வேலையில் இருந்தேன். அவர் இறந்ததும் வேலையும் போனது. தெரிந்த ஒருவர் மூலமாக 2015 அக்டோபரில் அதே தீவிலுள்ள எட்னா எரிமலையின் வடக்குச் சரிவுக்கு, ரந்தாத்சோவுக்கும் லிங்குவாகுளோஸாவுக்கும் நடுவில் உள்ள ஒரு சின்னத் தோட்டத்துக்கு, திராட்சை பறிக்கப் போனேன். அங்கே விளைவது நெரெல்லோ மஸ்கலேசே என்ற கறுப்புத் திராட்சை. எட்னா சிவப்பு ஒயினில் குறைந்தது 80 சதவீதம் இதுதான் இருக்க வேண்டும் என்பது விதி. மஸ்காலி என்ற ஊரின் பெயரால் வந்த திராட்சை இது. அந்த ஊரையே 1928 நவம்பரில் எரிமலைக் குழம்பு மூடிவிட்டது. இப்போதிருக்கும் மஸ்காலி வேறு இடத்தில் புதிதாகக் கட்டியது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிடுகிறேன். எரிமலை மண் என்றால் சத்து கொழிக்கும் மண் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மட்கிப் பழுத்த பழைய மண்ணுக்கு அது பொருந்தும். புதிய குழம்பு வெறும் கல். 1981 மார்ச்சில் ரந்தாத்சோ பக்கம் இறங்கி, தோட்டங்களை அறுத்துக்கொண்டு அல்காந்தாரா ஆறு வரை போன குழம்பு இன்றும் பெரும்பாலும் கறுப்பாகத்தான் கிடக்கிறது. அந்தக் கல்லில் இரும்பு உண்டு, சாம்பல்சத்து (பொட்டாசியம்) உண்டு. இல்லாதது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அது இலை தழை மட்கித்தான் மண்ணில் சேர வேண்டும், கல்லிலிருந்து வராது. கொடிக்குத் தழைச்சத்து குறைந்தால் பழச் சாற்றிலும் குறையும். சாற்றைக் கள்ளாக்குவது ஈஸ்ட். அதற்குத் தழைச்சத்துதான் சாப்பாடு. பசித்த ஈஸ்ட் சும்மா இருக்காது, ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியே விடும். அழுகிய முட்டையின் நாற்றம் அதுதான்.

பெரிய ஆலைகளில் இதற்கு வழி எளிது. ஒரு பை அம்மோனியம் உப்பைக் கரைத்து ஊற்றுவார்கள், முடிந்தது. இயற்கை ஒயின் செய்கிறவன் ஊற்ற மாட்டான். வாங்கின ஈஸ்ட் கிடையாது, ஊட்டம் கிடையாது, வடிகட்டல் கிடையாது, ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் இல்லை அல்லது கடைசியில் ஒரு சிட்டிகை. அவனிடம் மிச்சம் இருப்பது காற்றும் கண்விழிப்பும்தான். அதனால்தான் சொல்கிறேன், எரிமலை மண்ணும் இயற்கை முறையும் சேர்ந்தால் 'ஒன்றுமே செய்யாத' ஒயின் கிடையாது. மற்ற எந்த மண்ணையும்விட அதிகமாக ஆள் பக்கத்தில் நிற்க வேண்டிய ஒயின் அது.

இனி என் கதை. பறிப்பு முடிந்ததும் நிலவறையை நடத்தும் பெரியவர், "ராத்திரி இங்கே படுத்துக்கொள்கிறாயா?" என்று கேட்டார். எழுபது தாண்டியவர், அதிகம் பேச மாட்டார். கூடுதல் கூலி, ஒரு கட்டில். சரி என்றேன். வேலை இதுதான்: பொங்கும் தொட்டியில் தோல்களெல்லாம் மேலே எழும்பித் தடித்த அடையாக நிற்கும், அதை மரக்கம்பால் உள்ளே அழுத்திவிட வேண்டும். பிறகு கீழ்க் குழாயைத் திறந்து, சாற்றை ஓர் அகலமான வாளியில் உயரத்திலிருந்து விழவிட வேண்டும். அது நுரைத்துக் காற்றேறியதும் மறுபடி மேலே இறைத்து ஊற்ற வேண்டும். ராத்திரி பத்துக்கு ஒரு தடவை, இரண்டுக்கு ஒரு தடவை, விடிகாலையில் ஒரு தடவை. செய்து முடித்ததும் சுவரில் தொங்கும் நோட்டில் நேரத்தையும் வெப்பத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்றாவது இரவு, பத்து மணி வேலையை முடித்துவிட்டுக் காலிப் பெட்டிகள்மேல் சாய்ந்தவன் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. அன்று பகல் முழுக்கப் பெட்டி சுமந்திருந்தேன். எழுந்ததும் நோட்டில் 'இரண்டு மணி, காற்று கொடுத்தது' என்று எழுதினேன். மறுநாள் இரவு பத்து மணிக்கு மூடியைத் தூக்கினேன். முட்டை வாசம் லேசாக வந்தது, நிச்சயமாக வந்தது. அப்போதே ஓடிப்போய்ப் பெரியவரை எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பினால் முந்தின இரவும் வெளியே வரும், வேலை போகும் என்று பயம். மூடியைத் திருப்பி வைத்துவிட்டேன், காலைக்குள் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. அந்த இரவும் இரண்டு மணிக் கட்டத்தில் பொய் எழுதினேன்.

ஆறாம் நாள் பெரியவர் குனிந்து முகர்ந்தார். எதுவும் கேட்கவில்லை. ஒரு கிளாஸில் பிடித்து, பையிலிருந்து சின்னச் செம்புக் கம்பித் துண்டை எடுத்து உள்ளே போட்டுச் சுழற்றி மறுபடி முகர்ந்தார். எனக்கும் நீட்டினார். முட்டை வாசம் பாதிக்குமேல் போயிருந்தது, ஏனென்றால் செம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு அடியில் எரிந்த ரப்பர் மாதிரி இன்னொன்று அப்படியே நின்றது. "இது இனிப் போகாது" என்றார். அன்று முழுக்கத் தொட்டி மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றுக் கொடுத்தோம். கொஞ்சம் தேறியது. முழுக்கத் தேறவில்லை.

வசந்த காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். ஒவ்வொரு தொட்டியாகச் சுவைத்துக்கொண்டே வந்தவர் என் தொட்டிக்கு முன்னால் நின்று கண்ணை மூடினார். "இதுதான் எட்னா. இந்த மலை இதில் இருக்கிறது" என்றார். முதலாளி தலையை ஆட்டினார். அந்தத் தொட்டி முழுவதும், மற்றவற்றைவிட அதிக விலைக்கு, அந்த வியாபாரிக்கே போனது. நான் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். என்னால் கெட்டதை மலையின் பெருமையாக ஒருவர் எழுதிக்கொண்டு போனதை எட்டு வருடமாக என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் இவ்வளவு நீளம்.

உடனே "இவன் ஆலைக்காரர்களின் ஆள்" என்று யாராவது வருவார்கள். இல்லை. நான் இன்றும் இயற்கை ஒயின் செய்யும் இடத்தில்தான் வேலை செய்கிறேன், அதைத்தான் குடிக்கிறேன். நன்றாகச் செய்தால் அதற்கு ஈடு இல்லை. ஆனால் 'இயற்கை' என்ற சொல்லுக்கு ஐரோப்பியச் சட்டத்தில் வரையறை இல்லை. சாதாரணச் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை சல்ஃபைட் இருக்கலாம், ஆர்கானிக் என்றால் 100. பிரான்ஸில் 2020-இல் இயற்கை ஒயினுக்கென்று ஒரு முத்திரை வந்தது, அதில் 30-க்கு மேல் கூடாது. ஈஸ்ட்டே கொஞ்சம் சல்ஃபைட் உண்டாக்கும் என்பதால் முழுப் பூஜ்யம் அநேகமாகக் கிடையாது. இந்தச் சல்ஃபைட்டுக்கும் எரிமலையின் கந்தகத்துக்கும் சம்பந்தமே இல்லை. கொடியில் தூவும் கந்தகப் பொடிகூட மூட்டையில் வாங்குவதுதான். அறுவடைக்குக் கிட்டத்தில் தூவினால் அதுவும் தொட்டியில் முட்டை நாற்றம் கிளப்பும்.

சரி, அப்படியானால் மண் என்னதான் செய்கிறது? கல்லின் சுவை வேர் வழியாக ஏறி வருவதில்லை. வேர் உறிஞ்சுவது தண்ணீரில் கரைந்த உப்புகளைத்தான், அதுவும் நாக்குக்குத் தெரியாத அளவில். ஆனால் கறுப்பு மணலும் பொடிக்கல்லுமான அந்த நிலத்தில் மழைநீர் தேங்காது. பெருமழை பெய்த மறுநாள் செருப்பில் சேறு ஒட்டாமல் நடக்கலாம். களிமண் இல்லாத அந்த மணலில் வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி எளிதில் பரவ முடியாது. அதனால் நூறு வயது தாண்டிய கொடிகள் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரில் இன்னும் நிற்கின்றன. கிரீஸின் எரிமலைத் தீவான சாந்தோரினியிலும் இதே கதைதான். எட்னாவில் அவற்றைக் கம்பியில் படரவிடுவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒரு செஸ்ட்நட் மரக் கழியில் கட்டிய சின்ன மரம்போல நிற்கும். அல்பெரெல்லோ என்பார்கள். டிராக்டர் நுழையாது, எல்லாமே கைதான். உயரமும் பெரிய விஷயம். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரை டிகிரிக்கு மேல் இறங்கும், பழம் பழுக்க நாளாகும், புளிப்பு தங்கும். எங்களிடம் ஒரே மாதிரி செய்த இரண்டு தொட்டிகள் உண்டு. ஒன்று கீழே பழைய மண்ணில் விளைந்தது, மற்றது மேலே கல் தெரியும் நிலத்தில் விளைந்தது. கீழ்த் தொட்டி வாயில் அகலமாக இருக்கும், செர்ரி வாசம். மேல்த் தொட்டி ஒல்லியாக, இறுக்கமாக, விழுங்கின பிறகு உப்புக் கரித்த மாதிரி ஒன்றை விட்டுப் போகும். அது மண்ணா, உயரமா, கொடியின் வயதா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மூன்றும்தான். நீங்கள் கேட்ட 'மண்ணின் சுவை' என்பது எனக்குத் தெரிந்து இந்த வித்தியாசம்தான், தீக்குச்சி இல்லை.

சாம்பலைப் பற்றியும் கேட்பீர்கள். 2021-இல் எட்னா ஐம்பது தடவைக்கு மேல் பொங்கி, கிழக்குச் சரிவு ஊர்களில் கறுப்புப் பொடிக்கல் மழையாகக் கொட்டியது. அங்கே நான்கு நாள் உதவிக்குப் போனேன். கொத்தைத் தொட்டால் உப்புத்தாள் மாதிரி விரலை அறுக்கும். சுவை கூடும் என்று அங்கே ஒருவரும் சந்தோஷப்படவில்லை. இலையும் பழத்தோலும் கிழிந்துபோயிற்றே என்றுதான் கவலைப்பட்டார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும். இந்தப் புட்டிகளின் பின்பக்கத்தில் 'கையால் பறித்தது' என்று பெருமையாகப் போடுவார்கள். யாருடைய கை? நான் வந்த முதல் வருடம் எங்களைக் கூட்டி வந்த இடைத்தரகர், வேன் கட்டணம் என்று ஒவ்வொரு நாள் கூலியிலும் ஐந்து யூரோ பிடித்தார், தண்ணீருக்குத் தனியாகப் பிடித்தார். அடுத்த வருடமே, 2016-இல், இப்படிப்பட்ட தரகர்களுக்கு எதிராக இத்தாலி கடுமையான சட்டம் கொண்டுவந்தது. 199-ஆம் எண் சட்டம். தரகரை மட்டுமல்ல, ஆளைச் சுரண்டி வேலை வாங்கும் முதலாளியையும் அது பிடிக்கும். ஆனாலும் சுவைக்க வருகிறவர்கள் எரிமலை எந்த வருடம் வெடித்தது என்று கேட்கிறார்கள், பறித்தவனுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

உங்கள் புட்டிக்கு வருகிறேன். முட்டை, தீக்குச்சி வாசம் வந்தால் அகலமான ஜாடியில் ஊற்றிச் சுழற்றி அரை மணி விடுங்கள். போய்விட்டால் அடைபட்டுக் கிடந்த ஒயின், கவலையில்லை. போகாவிட்டால் அது குறைதான், பக்கத்திலிருப்பவர் எரிமலை என்றாலும் சரி. இன்னொன்று, மூக்குக்குத் தெரியாமல் விழுங்கிச் சில நொடி கழித்து எலிக்கூண்டு மாதிரி ஒரு சுவை எழும்பும். ஒயினின் புளிப்பு அதை மறைத்து வைத்திருக்கும், எச்சில் பட்டதும் வெளியே வரும். ஒரு துளியைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்தால் அகப்பட்டுவிடும். அதையும் மண்வாசனை என்று விற்கிறார்கள்.

என் தொட்டியின் ஒயினில் இரண்டு புட்டி எடுத்து வைத்திருந்தேன். போன இலையுதிர் காலத்தில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். இப்போது அவர் வேலைக்கு வருவதில்லை. திறந்தோம். ரப்பர் வாசம் அப்படியே இருந்தது. அப்போதுதான் அந்த இரண்டு இரவுகளைப் பற்றியும் நோட்டைப் பற்றியும் சொன்னேன். கிளாஸைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார். "மற்ற நாள் இரண்டு மணிக் கட்டமெல்லாம் ஈரக் கையில் எழுதினது, மை பரவியிருக்கும். அந்த இரண்டு வரி மட்டும் சுத்தமாக இருந்தது."