சாலையில் அடிபட்டு இறந்த மயிலை எடுத்துப் பாடம் செய்து, அதாவது உடல் கெடாமல் பதப்படுத்தி, வைக்கலாமா?

கூடாது. நீங்கள் கொல்லவில்லை என்றாலும் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 39-ஆம் பிரிவின்படி இறந்துகிடக்கும் மயில் அரசின் சொத்து. கையில் எடுத்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ‘கிடந்தது, எடுத்தேன்’ என்பதை ஒப்புக்கொண்டால், விஷம் வைத்துக் கொன்றவனும் அதையேதான் சொல்வான். உதிர்ந்த தோகைக்கு உள்ள விலக்கு முழு உடலுக்குக் கிடையாது. பச்சைக்கிளியும் காட்டுப் பறவைதான், அதையும் தொடாதீர்கள்.

கற்றுக்கொள்ள ஆசை என்றால், வயதாகி இறந்த வீட்டுக் கோழியிலோ வாத்திலோ தொடங்குங்கள். நோயில் செத்தது வேண்டாம். உயிர் போனதும் அலகுக்குள் சிறு பஞ்சு வையுங்கள். இல்லாவிட்டால் வடியும் நீர் கழுத்து இறகைக் கறையாக்கிவிடும். சிறகை உடலோடு மடித்து, காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். வயிற்றுத் தோல் பச்சை நிறமாகியிருந்தால் புதைத்துவிடுங்கள். தொட்டாலே இறகு கையோடு வரும்.

பாடம் செய்வதற்காகவே ஓர் உயிரை வாங்கிக் கொல்வதைச் சட்டம் தடுக்காத இடத்திலும் என்னால் ஏற்க முடியாது. யாரிடமாவது உடல் வாங்கினால், எங்கே, எப்போது, எப்படி இறந்தது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித்தரத் தயங்கினால் வாங்காதீர்கள்.