பெண் பிள்ளைகள் படிப்பு: டீச்சரிடம் கேளுங்கள்

உசிலம்பட்டி அம்மா: மகள் பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளி. காலேஜ் சேர்ந்து நாலு மாசமாச்சு, புதுமைப் பெண் திட்டத்தோட மாச ஆயிரம் ரூபாய் வரலை டீச்சர்.

பதில்: விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். அங்கே இதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார்; மகள் பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். ஏறியிருந்தால் கோளாறு பெரும்பாலும் வங்கியில்தான். கணக்கில் ஆதார் நகல் கொடுத்திருப்பது மட்டும் போதாது. "அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வர்ற மாதிரி என்.பி.சி.ஐ.யில் (வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் தேசிய அமைப்பு) ஆதார் இணைஞ்சிருக்கா?" என்று கிளையில் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது திறந்த பழைய கணக்கோடு ஆதார் இணைந்திருந்தால் 1000 ரூபாய் அதில்தான் விழும். அந்தப் பாஸ்புக்கில் வரவு போட்டுப் பாருங்கள். மைனர் கணக்காகத் திறந்தது என்றால், 18 முடிந்ததும் மகள் கையெழுத்து, போட்டோ கொடுத்து மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கணக்கு முடங்கிவிடும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும் இருந்தால், ஆதாரைத் திருத்துங்கள். மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது பெரும்பாடு.

மேலூர் அப்பா: பத்தாவதில் கணக்கு போச்சு. டி.சி. வாங்கிட்டு மில்லுக்கு அனுப்பலாம்னு வீட்டில் பேச்சு.

பதில்: டி.சி.யை வாங்காதீர்கள். ரிசல்ட் வந்த சில வாரத்தில் துணைத்தேர்வு உண்டு. போன பாடத்துக்கு மட்டும் பள்ளி வழியாகவே பணம் கட்டலாம். தேறினால் அதே வருசம் பிளஸ் ஒன் சேரலாம். மில் ஹாஸ்டலில் சேர்ந்த பிள்ளைக்குப் பரீட்சைக்கு லீவு கிடைப்பது லேசில்லை.

திருமங்கலம்: டி.சி. வர லேட்டாகுது, ஏழாவதில் சேர்க்க மாட்டேங்கிறாங்க.

பதில்: 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாவது வரை டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. எழுதிக் கொடுங்கள். மசியாவிட்டால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417க்குப் போன் செய்யுங்கள்.

பேரையூர்: 17 வயசு, பிளஸ் டூ. சொந்தத்தில் பேசி முடிச்சாச்சு. படிப்பைப் பிறகு பார்த்துக்கலாமே?

பதில்: 18க்கு முன்னால் கல்யாணம் 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். நடத்தி வைப்பவருக்கு 2 வருசம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். அதோடு, பிளஸ் டூ இல்லாமல் டிகிரி, நர்சிங் சேர்வது கஷ்டம். தாலி ஏறியபின் பரீட்சை ஹாலுக்கு வரும் பிள்ளைகள் குறைவு.

செல்லூர்: வீட்டு விசயத்தில் நீங்க எதுக்கு டீச்சர்? படிச்ச பொண்ணுக்கு நகை கூடக் கேக்கிறாங்க, நல்ல வரன் காத்திருக்குமா?

பதில்: நகை கேட்பது மாப்பிள்ளை வீட்டார் செய்யும் குற்றம், அதற்கு 1961லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் இருக்கிறது. அதற்காகப் பிள்ளை படிப்பை வெட்டுவது எந்த ஊர் நியாயம்? நாளைக்கு அந்த வீட்டுச் சம்பாத்தியம் நின்றால், பத்தாவது சான்றிதழோடு அவள் எங்கே போய் நிற்பாள்?

செல்லூர்: எல்லாரும் வேலைக்கா போறாங்க?

பதில்: போவதும் போகாததும் அவள் முடிவு. முடிவெடுக்கும் நிலையில் அவள் இருக்க வேண்டாமா? பேரையூர்க்காரர்களே, பெரியவர்களிடம் பேசி முகூர்த்தத்தைத் தள்ளிவையுங்கள். அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். தகவல் சொன்னவர் பெயர் வெளியே வராது. மாவட்டச் சமூகநல அலுவலரிடமும் போகலாம். நீதிமன்றத் தடையாணைக்கு வழி இருக்கிறது.

வாடிப்பட்டி: எங்களுக்கும் பணம் வரலை...

பதில்: முதல் பதில்.

அலங்காநல்லூர்: பணம் வரலை, என்ன செய்ய?

பதில்: முதல் பதிலை முழுசாகப் படியுங்கள்.

சோழவந்தான்: நீட் கோச்சிங் எங்கே நல்லது?

பதில்: அது என் பாடமில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பற்றித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

எழுமலை: மகள் பிளஸ் ஒன் போகணும், பஸ் சரியில்லை. டி.சி. வாங்கி வச்சிருக்கோம்.

பதில்: வாங்கிவிட்டீர்களா! இன்றைக்கே பள்ளியில் சேருங்கள். பிறகு விடுதிக்கு விண்ணப்பியுங்கள். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் மாணவிகளுக்குத் தூர நிபந்தனை கிடையாது. சாதி, வருமானச் சான்று இ-சேவை மையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.