ஒரு காலுறை, ஆறு ஊர்கள்: இங்கிலாந்துப் பயணம் பற்றிக் கேட்டவர்களுக்கு

கடந்த மே மாதம் இருபது நாள் தனியாக இங்கிலாந்தில் சுற்றினேன். லண்டன், லெஸ்டர், நாட்டிங்ஹாம், யார்க், பிராட்போர்டு, டர்ஹம் என்று ஆறு நகரங்கள். எனக்கு வயது 61, ஊர் குன்னூர், ஒன்பது வயதிலிருந்து ஊசியும் கம்பளி நூலுமாக இருப்பவள். ஊருக்கு ஒரு பின்னல் சங்கதியை மட்டும் நின்று நிதானமாகப் பார்ப்பது, மீதி நேரம் கால்போன போக்கில் நடப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சேலத்திலிருந்து: பின்னல் ஊசியை விமானத்தில் விடுவார்களா, அக்கா? பிடுங்கிக்கொண்டால் பாதிப் பின்னல் என்ன ஆகும்?

பிரிட்டனிலிருந்து புறப்படும்போது பிரச்சினை இல்லை. கைப்பையில் பின்னல் ஊசி கொண்டுபோகலாம் என்று அவர்களுடைய அரசுப் பட்டியலே சொல்கிறது. கத்தரிக்கோலின் அலகு மட்டும் 6 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் ஊரிலிருந்து ஏறும்போது, சோதிப்பவரின் அன்றைய மனநிலையை நம்பி நல்ல ஊசிகளைக் கைப்பையில் வைக்காதீர்கள். நான் எஃகு ஊசிகளையெல்லாம் பெட்டியில் போட்டுவிட்டு, மூங்கில் வட்ட ஊசி ஒன்றை மட்டும் கையில் வைத்திருந்தேன்.

பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது என்கிறீர்களா? முதல் நாள் இரவே, ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஒரு மெல்லிய பருத்தி நூலைக் கோத்து, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டு விடுங்கள். ஊசி போனாலும் கண்ணி போகாது. எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் பாதுகாப்புச் சோதனையில் வியர்க்காமல் நின்றது அந்த நூலின் தயவால்தான்.

மதுரையிலிருந்து: அங்கே கடையில் 10ஆம் நம்பர் ஊசி என்று கேட்டால் கொடுப்பார்களா?

வயதான கடைக்காரர் என்றால் சிரித்துக்கொண்டே கொடுப்பார். நாம் இன்றும் புழங்குவது பழைய பிரிட்டிஷ் எண்கள். எண் ஏற ஏற ஊசி மெலியும். 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25, 14 என்றால் 2. அமெரிக்க எண் இதற்கு நேர்மாறு. அவர்களுடைய 8, 5 மில்லிமீட்டர் ஊசி. இப்போது அங்கே மில்லிமீட்டரில்தான் விற்கிறார்கள், அப்படியே கேளுங்கள். இன்னொன்று: ‘4 ப்ளை’ என்பது இன்று பருமனுக்கு வைத்த பெயர். பிரித்துப் பார்த்து நாலு இழை இல்லையே என்று சண்டை போடாதீர்கள். நான் போட்டேன்.

சென்னையிலிருந்து: லண்டனில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. பின்னல்காரர் எங்கே போக வேண்டும்?

சவுத் கென்சிங்டனில் இருக்கும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு. நுழைவுக் கட்டணம் கிடையாது. எகிப்தில் கிடைத்த சிவப்புக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அவர்களிடம் இருக்கிறது. கி.பி. 250க்கும் 420க்கும் இடைப்பட்டது. பெருவிரலுக்குத் தனி உறை, மற்ற நாலு விரலும் சேர்ந்து ஒரே உறையில். குளிர்காலத்தில் நம் பெண்கள் செருப்போடு போட்டுக்கொள்ள விரல் பிரித்த காலுறை வாங்குகிறார்களே, அதே அமைப்பு, அதே காரணம்: வார்ச் செருப்பு. ஆனால் இத்தனை பெரிய அருங்காட்சியகத்தில் ஒரு பொருள் எப்போதும் காட்சியில் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. அவர்களுடைய இணையத் தொகுப்பில் தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மீண்டும் அவரே: அப்படியானால் பின்னல் 1600 வருடப் பழமை என்று சொல்லலாமா?

அவசரப்படாதீர்கள். அந்தக் காலுறை நம் கணக்கில் பின்னலே இல்லை. இதை நான் புரிந்துகொண்டது லண்டனில் அல்ல, யார்க்கில்.

யார்க்கில் காப்பர்கேட் என்ற தெருவில் 1976 முதல் 1981 வரை தோண்டினார்கள். வைக்கிங்குகள் வாழ்ந்த ஊர் அப்படியே அடியில் இருந்தது. அந்த இடத்திலேயே 1984இல் யோர்விக் என்ற அருங்காட்சியகம் திறந்தார்கள். சிறு வண்டியில் உட்கார வைத்து அந்தக் கால ஊருக்குள் அழைத்துப் போகிறார்கள், நாற்றம் உட்பட எல்லாவற்றையும் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் போனது அங்கே கிடைத்த 10ஆம் நூற்றாண்டுக் கம்பளிக் காலுறை ஒன்றுக்காக. கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடும், வீட்டுச் செருப்பு மாதிரி இருக்கும்.

கண்ணாடியோடு மூக்கு ஒட்ட நின்று பார்த்தேன். நாம் பின்னும்போது நூல் உருண்டையிலிருந்து வந்துகொண்டே இருக்கும். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுக்கிறோம், நூலின் வால் எங்கும் நுழைவதில்லை. அதனால்தான் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் சரசரவென்று பிரிகிறது. இதில் அப்படி இல்லை. கண் உள்ள ஒற்றை ஊசி, கை நீளத்துக்கு ஒரு துண்டு நூல். ஒவ்வொரு கண்ணிக்கும் அந்த நூல் முழுவதையும் உள்ளே விட்டு வெளியே இழுக்க வேண்டும். நூல் தீர்ந்தால் அடுத்த துண்டை ஒட்ட வேண்டும். நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் பிரியாது, குதிகாலில் ஓட்டை விழுந்தாலும் ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். எகிப்துக் காலுறையும் இதே குடும்பம். நால்பைண்டிங் என்பார்கள். ஒரு கண்ணியை நழுவவிட்டு அதைப் பிடிக்க இரவு பதினோரு மணிவரை விழித்திருந்தவர்களுக்கு அந்தக் காலுறையின் அருமை தெரியும்.

திருப்பூரிலிருந்து: நான் பின்னலாடைத் தொழிலில் இருபது வருடமாக இருக்கிறேன், மேடம். கையால் பின்னுகிறவர் பயணத்தில் எனக்கு ஏதாவது இருக்கிறதா?

உங்களுக்குத்தான் அதிகம் இருக்கிறது. நேராக நாட்டிங்ஹாம் போங்கள். அங்கிருந்து பஸ்ஸில் ரடிங்டன் என்ற ஊர் பக்கம்தான். சட்டப் பின்னல்காரர்களின், அதாவது ‘ஃபிரேம்’ என்ற பின்னல் சட்டகத்தில் வேலை செய்தவர்களின், அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. 1829இல் கட்டிய பட்டறைகளும் குடியிருப்புகளும் ஒரு முற்றத்தைச் சுற்றி அப்படியே நிற்கின்றன. வாரம் முழுவதும் திறந்திருப்பதில்லை, நாள் பார்த்துக்கொண்டு போங்கள்.

நாட்டிங்ஹாமை அடுத்த கால்வர்டனைச் சேர்ந்த வில்லியம் லீ என்ற பாதிரியார் 1589இல் காலுறை பின்னும் சட்டத்தைக் கண்டுபிடித்தார். முதலாம் எலிசபெத் அரசி உரிமை தர மறுத்துவிட்டார் என்பார்கள்; கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளை நினைத்து மறுத்தார் என்றும் கதை சொல்வார்கள். லீ கடைசியில் பிரான்சுக்குப் போய் அங்கேயே இறந்தார். உங்கள் ஊர் இயந்திரங்கள் அத்தனைக்கும் முப்பாட்டன் அந்தச் சட்டம்.

பார்க்கக் கைத்தறி போலத்தான் இருக்கும். ஆனால் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஓட்டுபவர் இரண்டு கையாலும் இரண்டு காலாலும் வேலை செய்கிறார். வரிசையாக ஊசிகள், ஒவ்வொன்றின் நுனியும் பின்னோக்கி வளைந்து தாடி போல நீண்டிருக்கிறது. நூலைக் குறுக்கே போட்டதும் மெல்லிய தகடுகள் ஊசிகளுக்கு நடுவே இறங்கி அதைச் சிறுசிறு வளைவுகளாக்குகின்றன. ஒரு பட்டை வந்து தாடிகளை அழுத்தி மூடுகிறது. பழைய கண்ணிகள் அதன் மேல் வழுக்கிப் புதியவற்றைத் தாண்டி விழுகின்றன. ‘டடக்’ என்று ஒரு சத்தம், ஒரு வரிசை முடிந்தது. நான் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்கும் வரிசை! வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்றால் மிகையில்லை. தாடிக்குப் பதில் தானே மூடித் திறக்கும் தாழ்ப்பாள் வைத்த ஊசி, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லெஸ்டர்க்காரர் மாத்யூ டவுன்செண்ட் கொண்டுவந்தது. உங்கள் வட்ட இயந்திரத்தில் இருப்பது அதுதானே?

இன்னொரு விஷயம். அந்தச் சட்டம் பெரும்பாலும் பின்னுகிறவருக்குச் சொந்தமில்லை, வாடகைக்கு எடுத்தது. வேலை இல்லாத வாரத்திலும் வாடகை கட்ட வேண்டும். 1811இல் இந்த வட்டாரத்தில்தான் லுடைட்டுகள் என்ற தொழிலாளர்கள் பின்னல் சட்டங்களை உடைக்கத் தொடங்கினார்கள். இயந்திரத்தைக் கண்டு பயந்தவர்கள் என்று இன்று அவர்கள் பெயரை வசவாகப் பயன்படுத்துகிறோம். அது அநியாயம். தலைமுறை தலைமுறையாக இயந்திரத்தில் வேலை செய்தவர்கள் அவர்கள். குறைந்த கூலியும், அகலமான துணியாகப் பின்னி அதை வெட்டித் தைத்துக் காலுறை என்று விற்றதும்தான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. வெட்டித் தைத்தது தையலில் பிரிந்துவிடும், பெயர் கெடும். (வெட்டித் தைக்கும் தொழிலில் இருக்கும் நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) பின்னல் சட்டத்தை உடைத்தால் மரண தண்டனை என்று 1812இல் நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றினார்கள். கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சிலேயே அதை எதிர்த்தார்.

கோவையிலிருந்து: சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

லெஸ்டரில் பெல்கிரேவ் சாலை முழுக்க குஜராத்திக் கடைகள். இரண்டு நாள் வயிறாரச் சாப்பிட்டேன். மற்ற ஊர்களில் சுட்ட உருளைக்கிழங்கின் மேல் பீன்ஸ். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

லெஸ்டர் பேச்சு வந்ததால்: ‘புளூஃபேஸ்ட் லெஸ்டர்’ என்று மென்மையும் மினுமினுப்புமாக ஒரு ஆட்டுக் கம்பளி இருக்கிறது. அதை வாங்க லெஸ்டருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அந்த ஆட்டின் முன்னோர்தான் லெஸ்டர், அந்த இனத்தை உருவாக்கியது வடக்கே நார்தம்பர்லாந்துப் பக்கம்.

புதுச்சேரியிலிருந்து: ரயில் டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறதே?

முன்கூட்டியே வாங்கினால் மலிவு. ஆனால் அந்த மலிவு டிக்கெட் குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். இதைப் படித்துத் தெரிந்துகொண்டவள்தான் நானும். இருந்தும் நாட்டிங்ஹாமிலிருந்து யார்க் போகும் வழியில் ரயில் மாறும்போது, அரை மணி முன்னால் ஒரு ரயில் நிற்கிறதே என்று ஏறி உட்கார்ந்து பின்னத் தொடங்கிவிட்டேன். பரிசோதகர் மிகவும் மரியாதையாக முழு விலைக்கு இன்னொரு டிக்கெட் போட்டுக் கொடுத்தார். நல்ல காலுறை நூல் இரண்டு சிட்டம் வாங்கியிருக்கலாம். 60 வயது ஆகியிருந்தால் மூத்தோர் ரயில் அட்டை வாங்குங்கள், கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

திருச்சியிலிருந்து: தனியாகப் போக என் வீட்டில் விடமாட்டார்கள், அம்மா. உங்களுக்குப் பயமாக இல்லையா?

முதல் மூன்று நாள் இருந்தது. பயம் என்பதைவிட, சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியாத கூச்சம். பின்னலை எடுத்ததும் அது போய்விட்டது. கையில் வேலை இருப்பவளை யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. யார்க்கில் ஒரு தேநீர்க் கடையில் பக்கத்து மேசைப் பாட்டி, வணக்கம்கூடச் சொல்லாமல், கையை நீட்டி நான் பின்னிக்கொண்டிருந்த காலுறையை வாங்கினார். உள்பக்கத்தைத் திருப்பினார், குதிகால் மடிப்பைக் கட்டைவிரலால் நீவினார், “ம்” என்றார். அப்புறம்தான் பேச்சே ஆரம்பித்தது. எண்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் சொன்ன குதிகால் முறையைக் காகிதக் கைக்குட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். இரவில் எட்டு மணிக்குமேல் நான் வெளியே சுற்றவில்லை என்பதையும் வீட்டில் சொல்லுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: ஆறில் ஒன்றுதான் போக முடியும் என்றால் எது?

டர்ஹம். அங்கே பின்னல் அருங்காட்சியகம் எதுவும் கிடையாது. பேராலயம் இருக்கிறது, 1093இல் கட்டத் தொடங்கியது. உள்ளே நுழைந்ததும் பருத்த கல்தூண்கள். ஒவ்வொன்றும் 6.6 மீட்டர் உயரம், சுற்றளவும் அதே 6.6 மீட்டர். அவற்றின் மேல் செதுக்கியிருப்பவை என்ன தெரியுமா? ஒன்றில் வளைந்து வளைந்து ஏறும் ‘வி’ கோடுகள், ஒன்றில் டைமண்ட் கட்டம், ஒன்றில் திருகிச் செல்லும் வரி. இங்கிலாந்துக் கடலோர மீனவர்களின் கான்சி ஸ்வெட்டரில் இருக்கும் பின்னல்களை யாரோ கல்லில் போட்டு வைத்தது போல. ஸ்வெட்டருக்குப் பல நூற்றாண்டு முந்திய கல் என்பதை நான் எனக்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

தரையில் மேற்குப் பக்கம் கறுப்பு நிறக் கல்லாலான கோடு ஒன்று ஓடுகிறது. துறவிகள் காலத்தில் பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. நான் பையோடும் நூலுருண்டையோடும் அதைத் தாண்டி, திரும்பி வந்து, இன்னொரு முறையும் தாண்டினேன்.

அவரே: அந்த ‘வி’ பின்னலைச் சொல்லித் தர முடியுமா?

64 கண்ணிக் காலுறைக்கு இது பொருந்தும். 8 கண்ணி ஒரு பிரிவு, சுற்றுக்கு எட்டுப் பிரிவு. முதல் சுற்றில் ஒவ்வொரு பிரிவிலும் 1ஆம் கண்ணி மட்டும் பர்ல் (முன்பக்கம் மேடு தெரியும் கண்ணி), மற்றவை நிட் (சாதாரணக் கண்ணி). அடுத்த சுற்றில் 2உம் 8உம் பர்ல். பிறகு 3உம் 7உம். பிறகு 4உம் 6உம். ஐந்தாவது சுற்றில் 5ஆம் கண்ணி மட்டும் பர்ல். கோடுகள் அங்கே சந்திக்கும். இரண்டு சுற்று வெறும் நிட் போட்டு மீண்டும் தொடங்குங்கள். நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும், அடர்நிறத்தில் பர்ல் மேடு தெரியாது.

ஊட்டியிலிருந்து: நூல் எவ்வளவு வாங்கி வந்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

கணவரிடம் சொன்ன கணக்கு ஒன்று, பெட்டியின் எடை ஒன்று. கையால் சாயமிட்ட காலுறை நூல் 100 கிராம் 20 பவுண்டை ஒட்டி வருகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் ஏற்பாட்டை 2021 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். ரசீதைச் சேர்த்து வைப்பது வீண். சிறு நூல் கடைகள் பல ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும், அந்த நாட்களை ஊர் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் செலவழித்தது அல்பாகா என்ற விலங்கின் ரோம நூலில். பிராட்போர்டை ஒட்டிய சால்டேரில் டைட்டஸ் சால்ட் 1853இல் திறந்த ஆலை இருக்கிறது. மனிதர் தென்னமெரிக்க அல்பாகா ரோமத்தில் துணி நெய்து பணக்காரரானவர். ஆலையோடு தொழிலாளர்களுக்கு ஓர் ஊரையே கட்டி, தெருக்களுக்குத் தன் பிள்ளைகள் பெயரை வைத்தார், மதுக்கடைக்கு மட்டும் இடம் தரவில்லை. இப்போது ஆலைக்குள் டேவிட் ஹாக்னியின் ஓவியங்கள். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அல்பாகா வாங்காமல் எப்படி இருப்பது? நம் ஊட்டிக் குளிருக்கு அது கொஞ்சம் அதிகம் என்பது வந்த பிறகுதான் உறைத்தது.

கடைசியாக, பலர் கேட்டது: கொண்டுபோன காலுறை முடிந்ததா?

ஒன்று முடிந்தது. லண்டனில் விளிம்பு, லெஸ்டரில் கால், யார்க்கில் பாட்டி சொன்னபடி பிரித்துப் போட்ட குதிகால், டர்ஹம் ரயில் நிலையத்தில் விரல் நுனி. இரண்டாவதுக்கு இன்னும் கண்ணி ஏற்றவில்லை.