வரிசையில் நிற்பவர்கள் யார்? – மூணாறிலிருந்து ஒரு கேள்வி பதில்

1930-களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்காவில் எடுத்த ஆற்று வெள்ளப் படங்களைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டுடியோ நடத்துகிறவன், பழைய படங்களில் பைத்தியம் உள்ளவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

தேவிகுளத்திலிருந்து: அண்ணே, ஒரு படத்தில் மேலே காரில் சிரிக்கும் வெள்ளைக்காரக் குடும்பத்தின் விளம்பரப் பலகை, கீழே கறுப்பின மக்கள் வரிசை. வேலை கிடைக்காதவர்கள்தானே அவர்கள்?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் தம்பி. 1937 ஜனவரியில் ஒஹையோ ஆறு பொங்கி லூயிவில் நகரத்தில் சுமார் 70 சதவீதம் முழுகியது. அங்கே வெள்ள நிவாரணத்துக்கு நின்ற வரிசை அது. கைகளைப் பாருங்கள், பையும் வாளியும் இருக்கும். அமெரிக்காவின் லைஃப் பத்திரிகைக்காக எடுத்தவர் மார்கரெட் பர்க்-வைட். 1946-ல் காந்தியை ராட்டையோடு எடுத்தாரே, அதே அம்மாதான். பலகையில் ‘உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத் தரம்’ என்று எழுதியிருந்ததால், வெள்ளம் மறந்துபோய் மந்தத்தின் அடையாளமாகவே படம் நின்றுவிட்டது. பலகையும் நிஜம், வரிசையும் நிஜம். படத்தின் அடியில் இருந்த இரண்டு வரிதான் வழியில் எங்கோ கழன்றுவிட்டது.

மறையூரிலிருந்து: அரசாங்கமே ஆள் அனுப்பிப் படம் எடுத்ததாமே?

ஆமாம். கிராமப்புற ஏழைகளுக்காக 1935-ல் தொடங்கி, 1937-ல் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்று பெயர் மாறிய துறை அது. படப்பிரிவுக்குத் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். பிடிக்காத நெகட்டிவில் ஓட்டை போட்டுவிடுவார், மகா பாவி! அதே 1937 வெள்ளத்தின்போது அவர் அனுப்பி, படம் எடுக்கும் வாக்கர் எவன்ஸும் எட்வின் லாக்கும் அர்க்கன்சா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் இருந்த நிவாரண முகாமுக்குப் போனார்கள். வீடு இழந்து வந்த இடத்திலும் கறுப்பினத்தவருக்குத் தனி முகாம். எவன்ஸின் ஒரு படத்தில் முகமே கிடையாது, சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் உடம்பும் தட்டு பிடித்த கையும்தான். எனக்கு அதைவிடப் பெரிய வெள்ளப் படம் தெரியாது. தண்ணீர் ஒரு சொட்டுகூட அதில் இல்லை.

அடிமாலியிலிருந்து: ஜோடித்து எடுத்தது உண்டா?

வெள்ளத்தில் இல்லை, வறட்சியில் ஒரு வம்பு நடந்தது. 1936-ல் அதே அரசுப் படப்பிரிவின் ஆர்தர் ராத்ஸ்டைன் ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடி நகர்த்திவைத்து எடுத்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

நல்லதண்ணியிலிருந்து: நம்ம 1924 வெள்ளத்துக்குப் படம் இருக்கா அண்ணாச்சி?

தொண்ணூற்றொன்பது வெள்ளம். மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டு 1099-ல் வந்ததால் அந்தப் பெயர். மூணாறில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலையே கொண்டுபோன வெள்ளம். என் கண்ணில் பட்ட மூணாறுப் பழைய படங்களில் ரயில், பாலம், துரை பங்களா எல்லாம் உண்டு. லயத்து ஜனங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களைத் தேடினால் ஓரத்தில் தலைச்சுமையோடு யாராவது நிற்பார்கள், பேர் இருக்காது. அதனால்தான் சொல்கிறேன், இன்றைக்கு எடுக்கிற படத்தில் தேதி, எந்த டிவிஷன், எதற்கு வரிசை, யார் என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். போனில் எடுத்தாலும்தான்.

வட்டவடையிலிருந்து: முகாமில் சாப்பிடுகிறவர்களை எடுக்கலாமா?

2018 வெள்ளத்தில் முகாமுக்கு நான் எடுக்கப் போனேன். “நாங்க என்ன பிச்சைக்காரங்களா, போட்டோ புடிக்க?” என்று ஒரு அக்கா கேட்டார். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். மறுநாள் அவரே கூப்பிட்டார். நனைந்து ஒட்டிப்போன ரேஷன் கார்டு கையில். “எழுத்து அழியறதுக்குள்ள இதை எடுத்துக் குடு தம்பி.” எடுத்தேன். பிடித்திருந்த விரலும் படத்தில் விழுந்திருக்கிறது.