மூன்றாவது சிலிண்டரும் நான்கு இன்ஜெக்டரும்

கே: பர்லியார் தாண்டி ஏறினாலே கார் உதறுகிறது. ஸ்கேன் செய்ததில் பி0303 என்று வந்தது. பெட்ரோல் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றி 34,000 ரூபாய் வாங்கினார்கள். உதறல் நிற்கவில்லை. இப்போது எஞ்சினைப் பிரிக்கணும் என்கிறார்கள். (ஆசிரியை, குன்னூர்)

ப: பிரிக்க விடாதீர்கள், டீச்சர். பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை, அவ்வளவுதான். அது வீட்டு எண். உள்ளே என்ன சண்டை என்று அதற்குத் தெரியாது. ஸ்கேனர் வைத்திருப்பவரெல்லாம் மெக்கானிக் ஆகிவிட்டதுதான் என் தீராத எரிச்சல். நம்பரைப் பார்ப்பது, பாகத்தை மாற்றுவது, பில்லை நீட்டுவது!

காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பிளக்கில் பொறி பறக்க மின்சாரம் தருவது காயில். மூன்றாவது சிலிண்டரின் காயிலையும் முதலாவதையும் இடம் மாற்றி மாட்டி, ஸ்கேனரில் அந்த எண்ணை அழித்துவிட்டு, அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பி0301 என்று வந்தால் காயில்தான் திருடன். மூன்றிலேயே நின்றால் பிளக்கை அதேபோல் மாற்றிப் பார்க்கலாம். இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்) எல்லாம் அதற்கு அப்புறம். ஏற்றத்தில் பளு கூடும்போது பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். நைந்த காயில் அங்கேதான் கைவிரிக்கும். நம் ஊர் மழையில் பிளக் குழிக்குள் ஈரம் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கழற்றிய நான்கு இன்ஜெக்டரையும் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. உங்கள் பணம் வீணாகப் போனதில் எனக்கே வயிறு எரிகிறது.

கே: செக் எஞ்சின் விளக்கு மினுக்குகிறது. மேட்டுப்பாளையம் வரை ஓட்டிப்போய்க் காட்டலாமா? (கோத்தகிரி)

ப: கூடாது. விளக்கு மினுக்கினால் மிஸ்ஸிங் கடுமை என்று பொருள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் தின்றுவிடும்.

கே: கோவையில் ஒரு கடையில் பாதி விலைக்கு காயில் கிடைக்கிறது. வாங்கலாமா? (குன்னூர்)

ப: நான் வாங்கினேன். பெட்டியில் ஹாலோகிராம்கூடப் பளபளத்தது. மூன்றாவது வாரம் மசினகுடியிலிருந்து திரும்பும்போது கல்லட்டி ஏற்றத்தில் செத்தது. 36 கொண்டை ஊசி வளைவுகளில் அது எத்தனையாவது என்று எண்ணும் நிலையில் நான் இல்லை. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னபோது தலையாட்டியிருந்தேன். திருப்பிக் கொடுக்க எதைக் காட்டுவது?

கே: தெரிந்தவரிடம் பழைய கார் வாங்கினேன். மாலையில் ஓட்டிப் பார்த்தபோது நன்றாக இருந்தது. காலையில் மட்டும் மிஸ்ஸிங். விற்றவர் போனை எடுப்பதில்லை. (ஊட்டி)

ப: ஊட்டியில் இருந்துகொண்டு விடியற்காலைக் குளிரில் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்காமல் கார் வாங்கினீர்களா? எஞ்சினைச் சூடாக்கி வைத்துக் காட்டியிருப்பார். அவர் வியாபாரி இல்லையென்பதால் நுகர்வோர் ஆணையமும் கைகொடுப்பது சந்தேகம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் மட்டம் குறைகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். குறைந்தால் அது சிலிண்டருக்குள் கசிகிறதா என்று, எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தப் போனை விட்டுவிடுங்கள், எடுக்கமாட்டார்.