மருந்தின் பெயரைப் பில்லில் எழுதுங்கள்: பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில்காரர்களுக்கான கேள்வி பதில்

சென்னையில் இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் எட்டு வருடம் ஸ்ப்ரேயரைத் தோளில் மாட்டிய டெக்னீஷியன், அப்புறம் சொந்தமாக. தொழில்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்லியிருக்கிறேன். சிலது நீளம், சிலது ரெண்டு வரிதான்.

தாம்பரத்திலிருந்து: அண்ணா, ஒரு கம்பெனியில் ஆறு வருடமாக டெக்னீஷியன். பி.காம். படித்திருக்கிறேன். தனியாகத் தொடங்க ஆசை. சின்னச் சின்ன வீட்டு வேலைகள்தானே, உரிமம் இல்லாமல் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

வேண்டாம் தம்பி. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971 விதிகளும் சின்ன வேலை, பெரிய வேலை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு மருந்து அடித்தால் உரிமம் வேண்டும். அதற்கு வேளாண்மைப் பட்டம், இல்லையென்றால் வேதியியலை ஒரு பாடமாகப் படித்த அறிவியல் பட்டம் வேண்டும். கூடவே குறைந்தது 15 நாள் பயிற்சிச் சான்றிதழ். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.), ஹாப்பூரில் உள்ள தானியச் சேமிப்பு நிறுவனம், ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனம், இந்த மூன்றில் ஒன்றில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

உங்கள் பி.காம். இதற்கு உதவாது. ஆனால் ஆறு வருடக் கைப்பழக்கம் சும்மா வந்ததில்லை, அதை விட்டுவிடாதீர்கள். பி.எஸ்சி. வேதியியல் படித்த நம்பகமான ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்து, பயிற்சிக்கு அவரை அனுப்பி, பங்கு எவ்வளவு, யார் எதற்குப் பொறுப்பு என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டு, உங்கள் மாவட்ட வேளாண்மைத் துறை அலுவலகத்துக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போய் விண்ணப்பத்தைப் பற்றிக் கேளுங்கள். யாரோ ஒருவரின் சான்றிதழை மாதவாடகைக்கு வாங்கி மாட்டிவைக்கும் பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். ஒரு விபத்து நடந்தால் அந்தச் சான்றிதழ்காரர் போனையே எடுக்க மாட்டார்.

மதுரையிலிருந்து: கட்டிய வீட்டுக்குக் கரையான் வேலை. நான் கொடுத்த கொட்டேஷனில் பாதி விலைக்கு இன்னொருவர் எடுத்துவிட்டார். ஒரு மாதத்தில் மூன்றாவது முறை. விலையைக் குறைப்பதா?

விலையைக் குறைக்காதீர்கள், கணக்கைக் காட்டுங்கள். கட்டிய வீட்டுக்குக் கரையான் தடுப்புக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6313 மூன்றாம் பகுதி சொல்வது இதுதான்: சுவரும் தரையும் சேரும் இடத்தில் 300 மில்லிமீட்டருக்கு ஒரு துளை, துளை 12 மில்லிமீட்டர், துளைக்கு ஒரு லிட்டர் கரைசல். ஒரு வீட்டில் உள்சுவர்களை ரெண்டு பக்கமும் சேர்த்து 60 மீட்டர் ஓட்டம் வருகிறது என்று வையுங்கள். 200 துளை, 200 லிட்டர். இமிடாகுளோப்ரிட் என்ற கரையான் மருந்தில் 30.5 சதவீத வகையை லிட்டருக்கு 2.1 மில்லி கலக்கச் சொல்கிறது லேபிள். அப்படியென்றால் 420 மில்லி வேண்டும். இன்னொரு கரையான் மருந்தான குளோர்பைரிபாஸ் 20 சதவீதம் என்றால் ஒரு பங்கு மருந்துக்கு 19 பங்கு தண்ணீர், அதாவது 10 லிட்டர் மருந்து. இதோடு ட்ரில் ஓட்டும் ரெண்டு ஆள் கூலி, துளை அடைக்கும் வெள்ளைச் சிமெண்ட், வண்டிச் செலவு. இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள், அந்தப் பாதி விலையில் இது அடங்காது. அடங்கியது என்றால் துளை இரண்டு அடிக்கு ஒன்றாகியிருக்கும், இல்லையென்றால் டிரம்மில் தண்ணீர்தான் ஓடியிருக்கும்.

நான் என்ன செய்கிறேன் என்றால், கொட்டேஷனிலேயே இத்தனை மீட்டர், இத்தனை துளை, இத்தனை லிட்டர், இந்த மருந்து, இத்தனை மில்லி என்று எழுதிவிடுகிறேன். வேலை அன்று சீல் உடைக்காத பாட்டிலை வீட்டுக்காரர் கண் முன்னால் உடைத்து, அவர் கண் முன்னாலேயே அளந்து ஊற்றுகிறோம். "அந்த இன்னொருவரிடமும் இதே போல எழுதி வாங்குங்கள், அப்புறம் விலையை ஒப்பிடுங்கள்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். எல்லா வேலையும் கிடைக்காது. கிடைக்கிற வேலையில் திரும்பக் கூப்பிட்டுத் திட்டுவது இருக்காது.

இன்னொன்று, குளோர்பைரிபாஸை மட்டும் நம்பித் தொழிலை வைக்காதீர்கள். 2025-ல் அது, எளிதில் அழியாத நச்சு வேதிப்பொருட்களுக்கு எதிரான ஸ்டாக்ஹோம் உலக உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில், சில விலக்குகளோடு, சேர்க்கப்பட்டுவிட்டது. இங்கே என்ன ஆகும் என்று காத்திருக்காமல் இமிடாகுளோப்ரிட், ஃபிப்ரோனில், பைஃபென்த்ரின் ஆகியவற்றில் பையன்களை இப்போதே பழக்கிவிடுங்கள்.

வேளச்சேரியிலிருந்து: குன்றத்தூர் சம்பவத்துக்குப் பிறகு எலி வேலை என்றாலே வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள். என்ன பதில் சொல்வது? வீட்டுக்குள் எதை வைக்கலாம்? எலி ஒட்டிக்கொள்ளும் பசை அட்டை சரியா?

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் ஒரு நிறுவனத்தின் ஆட்கள் எலி மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு ஏ.சி. போட்டுத் தூங்கிய குடும்பத்தில் ரெண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்த நிறுவனத்தின் உரிமம் ரத்தானது. அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் என் டெக்னீஷியன்களின் பைகளை எல்லாம் தரையில் கொட்டிப் பார்த்தேன். ஒருவன் பையில் நான் வாங்கிக் கொடுக்காத ஒரு பொட்டலம் இருந்தது. "வேகமா வேலை செய்யும்ணே" என்றான். அதிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை பை சோதனை உண்டு. நீங்களும் செய்யுங்கள்.

வாடிக்கையாளர் பயப்படுவது நியாயம். அவரைச் சமாதானப்படுத்தப் பார்க்காதீர்கள், எது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லுங்கள். அலுமினியம் பாஸ்பைடு காற்றிலுள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு விடும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து ஒரு கிராம் வாயு வரும், அந்த விஷத்தை முறிக்கும் மாற்று மருந்து கிடையாது. அது அரசு அமைப்புகளுக்கும், அதற்கென்று தனி அங்கீகாரம் பெற்றவர்களுக்கும் மட்டும் உரியது, அதுவும் சீல் செய்த குடோனுக்கு. ஆள் குடியிருக்கும் வீட்டில் அதற்கு வேலையே இல்லை, பக்கத்து அறையிலும் கிடையாது, பால்கனியிலும் கிடையாது. துத்தநாகப் பாஸ்பைடும் எலியின் வயிற்றுக்குள் போய் அதே வாயுவைத்தான் விடுகிறது. மஞ்சள் பாஸ்பரஸ் பசை கல்லீரலை அழித்துவிடும். முதல் ரெண்டு நாள் ஆள் நன்றாக இருப்பதுபோல் தெரிவதுதான் அதில் கொடுமை. தமிழ்நாட்டில் அது தடை செய்யப்பட்டது, எந்தக் கடையிலாவது நீட்டினாலும் தொடாதீர்கள்.

வீட்டுக்குள் என் வரிசை இப்படி. முதலில் ஓட்டை அடைப்பு: கால் அங்குல இடைவெளி சுண்டெலிக்குப் போதும், அரை அங்குலத்தில் பெரிய எலியின் குட்டி நுழைந்துவிடும். சிங்க் குழாய் சுவருக்குள் போகும் இடம், ஏ.சி. பைப் துளை, பாத்ரூம் ஜாலி, இந்த மூன்றைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. அடுத்தது எலிப்பொறி. அதற்கும் மேல் தேவைப்பட்டால், வீட்டுக்கு வெளியே, பூட்டு வைத்த பெட்டிக்குள் 0.005 சதவீத ப்ரோமாடியோலோன் கட்டி. இதைத் தின்ற எலி சாக நாலைந்து நாள் ஆகும், வாடிக்கையாளர் பொறுமை இழப்பார். ஆனால் தவறி ஒரு குழந்தையோ நாயோ தின்றுவிட்டால் வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து இருக்கிறது, மருத்துவருக்கு நேரமும் இருக்கிறது. இந்த ரெண்டு காரணத்துக்காகவே நான் வேகத்தை விட்டுக்கொடுக்கிறேன்.

பெட்டி எங்கே வைத்தோம், எத்தனை, உள்ளே என்ன மருந்து, மாற்று மருந்து எது என்பதை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு வாருங்கள். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடும் தாய் அந்தத் தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். "ஏதோ கேக் மாதிரி வெச்சாங்க" என்று டாக்டரிடம் சொல்லும் நிலைமையில் அவரை விடாதீர்கள்.

பசை அட்டை பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் விட்டுவிட்டேன். உயிரோடு ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் துடிக்கிறது. விலங்கு நல வாரியமும் அதற்கு எதிராகத்தான் சொல்லியிருக்கிறது.

கோவையிலிருந்து: ஓட்டல் கிச்சனில் கரப்பான் தின்று சாகும் ஜெல் மருந்து வைத்தும் சின்னக் கரப்பான் குறையவே இல்லை. மருந்து போலியா?

போலியாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் உங்கள் ஆள் ஜெல் வைத்த அன்று சைபர்மெத்ரினோ டெல்டாமெத்ரினோ ஸ்ப்ரேயாகச் சேர்த்து அடித்தாரா என்று கேளுங்கள். பத்தில் ஏழு எட்டு இடத்தில் நான் பார்ப்பது அதுதான். ஸ்ப்ரே பட்ட இடத்தை விட்டுக் கரப்பான் விலகிப் போகும், ஜெல் பக்கமே வராது. ஜெல் என்றால் ஜெல் மட்டும்.

அடுத்தது சாப்பாட்டுப் போட்டி. அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கும் கிரைண்டர் அடியில் மாவும் இருக்கும்போது உங்கள் கடுகளவு ஜெல்லை அது ஏன் தேட வேண்டும்? ஓட்டல்காரரிடம் இதை வாயால் சொன்னால் மறந்துவிடுவார். படம் எடுத்து, சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம், ஒரே ஜெல்லை வருடக்கணக்கில் வைக்காதீர்கள். சில கரப்பான் கூட்டங்கள் ஜெல்லில் இருக்கும் குளுக்கோஸையே வெறுக்கப் பழகிவிட்டதை 1993-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். இமிடாகுளோப்ரிட் வைத்தால் சில மாதத்தில் ஃபிப்ரோனில், அடுத்து இண்டாக்ஸாகார்ப் என்று மாற்றுங்கள். நீளமாகக் கோடு போடாமல் சின்னச் சின்னப் புள்ளியாக, ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், கதவுக் கீல், ஸ்டீல் மேஜையின் அடி மடிப்பு என்று இருட்டும் சூடும் சேரும் இடத்தில் வையுங்கள். பெண் கரப்பான் முப்பது நாற்பது முட்டை உள்ள பையை வயிற்றில் ஒட்டியபடியே சுமக்கிறது. அதிலிருந்து வரும் குஞ்சுகளுக்காக மூன்று நான்கு வாரத்தில் இரண்டாவது முறை போகாவிட்டால் முதல் முறை போனதே வீண்.

சேலத்திலிருந்து: பழைய வாடிக்கையாளர்கள் நுவான்தான் வேண்டும் என்கிறார்கள்.

நுவான் என்பது டைகுளோர்வாஸ் என்ற பூச்சிமருந்தின் கடைப் பெயர். 2018 தடை ஆணைப்படி 2020 டிசம்பர் 31-லிருந்து இந்தியாவில் கிடையாது. பழைய ஸ்டாக் கிடக்கிறது என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஈரோட்டிலிருந்து, அலுவலகக் கணக்கைப் பார்க்கும் ஒரு சகோதரி: மஞ்சள் குடோனுக்குப் புகைமூட்டம் (பூச்சியைக் கொல்லும் வாயு, ஃபியூமிகேஷன்) போடுகிறோம். விளைபொருள் என்பதால் ஜி.எஸ்.டி. இல்லை என்று குடோன்காரர் சண்டை போடுகிறார். யார் சொல்வது சரி?

முன்பு அவர் சொல்வது சரியாக இருந்தது. விளைபொருள் கிடங்கில் புகைமூட்டம் போடுவதற்கு இருந்த விலக்கை 2022 ஜூலை 18-லிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது 18 சதவீதம். பழைய ஒப்பந்தத்தில் வரி சேர்த்து என்று எழுதியிருந்தால் உங்கள் கையிலிருந்து போகும், அதனால் புதுப்பிக்கும்போது "வரி தனி" என்று எழுதிக்கொள்ளுங்கள் அம்மா.

திருச்சியிலிருந்து: பெரிய கம்பெனிகள் ஊருக்குள் வந்துவிட்டன. எங்களைப் போல நாலு ஆள் வைத்திருப்பவர்கள் தாக்குப்பிடிப்போமா?

வந்து ரொம்ப நாள் ஆகிவிட்டது. 1954-லிருந்து இருந்த பி.சி.ஐ. (பெஸ்ட் கண்ட்ரோல் இந்தியா) 2017-ல் பிரிட்டனின் ரெண்டோகிலோடு சேர்ந்தது. அதே ரெண்டோகில் 2022-ல் அமெரிக்காவின் டெர்மினிக்ஸையே வாங்கிவிட்டது. அவர்கள் மருந்தும் நம் மருந்தும் ஒரே டீலரிடமிருந்துதான் வருகிறது. வித்தியாசம் காகிதத்தில்தான் இருக்கிறது. ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஆடிட்டர் வந்து எலிப் பெட்டி வரைபடமும் மாதாந்திரப் பதிவேடும் கேட்டால் அவர்கள் உடனே எடுத்து நீட்டுவார்கள். நம்மவர்கள் பில் புத்தகத்தைத் தேடுவார்கள். இதற்கு கம்ப்யூட்டர்கூட வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகமும் ஒழுங்கும் இருந்தால் போதும். வாடிக்கையாளர் போன் அடித்தால் முதலாளியே எடுப்பது நமக்கு உள்ள பலம், அதை அவர்களால் தர முடியாது.

ஓசூரிலிருந்து: பையன்கள் மாஸ்க் போட மாட்டேன் என்கிறார்கள், வெயில் என்கிறார்கள்.

வெயில் உண்மைதான், அதனால் வேலையைக் காலை ஆறு மணிக்கு மாற்றுங்கள். துணி மாஸ்க் கொடுத்துவிட்டுக் குறை சொல்லாதீர்கள், ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் கொடுங்கள். கார்ட்ரிட்ஜை மாற்றிக்கொண்டே இருங்கள். வியர்வை, எச்சில் அளவுக்கு மீறி வந்தால், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினால், கை நடுங்கினால் அது வெயில் மயக்கம் இல்லை, குளோர்பைரிபாஸ் போன்ற மருந்து உடம்பில் ஏறியிருக்கிறது. மோர் கொடுத்து நிழலில் படுக்கவைத்து நேரம் கடத்தாமல், பாட்டிலையும் கூடவே எடுத்துக்கொண்டு 108-ல் ஏற்றுங்கள், நேரத்தில் அட்ரோபின் ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. பத்து ஆளோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதைக் கட்டாமல் மிச்சம் பிடித்த காசு என்றைக்கும் நிற்காது.

சோழிங்கநல்லூரிலிருந்து: லேடீஸ் ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சி. ஒரு வருட கியாரண்டி கேட்கிறார்கள், கொடுக்கலாமா சார்?

கொடுக்காதீர்கள். வாராவாரம் யாராவது ஊரிலிருந்து பெட்டியோடு வருகிற இடம் அது. நீங்கள் அடித்து முடித்த மறுநாளே புதுப் பெட்டியில் பூச்சி வரலாம். ஸ்ப்ரேயை மட்டும் நம்பவும் முடியாது, சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தாங்கும் பூச்சி எங்கும் பரவியிருக்கிறது. கட்டில் மூட்டு, மெத்தைத் தையல், ஸ்விட்ச் பாக்ஸ் விளிம்பு எல்லாம் ஸ்டீமர் போட்டு, துணிகளை வெந்நீரில் துவைக்கச் சொல்லி, அப்புறம் மருந்து. முட்டை ஒன்று ரெண்டு வாரத்தில் பொரிக்கும் என்பதால் பத்திலிருந்து பதினாலு நாளுக்குள் இரண்டாவது முறை கட்டாயம். அந்தத் தேதியைக் கொட்டேஷனிலேயே போட்டு, பணத்தில் கால் பங்கை அன்றைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதுங்கள். கடைசி விசிட்டிலிருந்து 30 நாள் வரை இலவசமாக வருகிறேன், பக்கத்து அறைகளையும் சேர்த்துக் கொடுத்தால் 60 நாள் என்று சொல்லுங்கள். நான் இப்படித்தான் எழுதிக் கொடுக்கிறேன். வார்டன்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், அப்புறம் பக்கத்து அறைகளையும் திறந்துவிடுவார்கள்.