வாக்குப்பண்ணப்பட்ட புதுவாழ்வு: கேள்வி பதில்

கேள்வி (கல்லடி, ஒரு தாய்): 2004 கடல்கோளில் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவள் நான். வேதாகமத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகக் கிடைச்சது எண்டு சொல்றாங்க. கேட்கக் கேட்க நெஞ்சு நோகுது.

பதில்: அக்கா, யோபு 1ஐயும் 42ஐயும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பாருங்க. 7000 ஆடு 14000 ஆகிறது, 3000 ஒட்டகம் 6000, 500 ஏர்மாடு 1000, 500 கழுதை 1000. பிள்ளைகள் மட்டும் முதலில் 7 ஆண் 3 பெண், கடைசியிலும் அதே 7, 3. போன மந்தைக்கு வேற மந்தை ஈடாகும், போன பிள்ளைக்கு வேற பிள்ளை ஈடாகாது. முதல் பத்துப் பேரும் தேவனிடத்தில் இருப்பதால்தான் அந்தக் கணக்கு இரட்டிக்கவில்லை என்று வாசிப்பவர்கள் உண்டு. எனக்கும் அதுதான் சரியாகப் படுது.

இன்னொன்று. யோபுவின் சிறையிருப்பு, அதாவது அவனுடைய துன்ப நிலை, மாறினது 42ஆம் அதிகாரம் 10ஆம் வசனத்தில். உறவுக்காரர் வந்து அவனோடே சாப்பிட்டு, அவனுக்காக அங்கலாய்த்தது அதற்குப் பிறகு, 11ஆம் வசனத்தில். ஆசீர்வாதம் வந்த வீட்டிலும் அழுகைக்கு இடம் இருந்தது. உங்களை அழாதீங்க எண்டு சொல்றவங்களுக்கு இந்த வசனத்தைக் காட்டுங்க.

கேள்வி (திருக்கோவில், விவசாயி): பெரும்போகம் வெள்ளத்தோட போயிற்று. வெட்டுக்கிளிகள் "பட்சித்த வருஷங்களின் விளைவை" திருப்பித் தருவேன் எண்டு யோவேல் 2:25 சொல்லுது. அதை நம்பி கடன் பட்டு விதைக்கலாமா?

பதில்: தம்பி, அந்த வசனம் ஒரு ஜனத்துக்குக் கொடுத்த வாக்கு. அதில் தவணைத் தேதி இல்லை. 23ஆம் வசனத்தில் இருந்து படிச்சால் கர்த்தர் எந்த வழியாகத் தருகிறார் எண்டு விளங்கும். விதைப்புக்கு முன் மண்ணை இளக்கும் முன்மாரி, கதிர் முற்ற பங்குனி, சித்திரையில் பின்மாரி, பிறகு களம் நிரம்புவது. மழையும் உழவும் சூடடிப்பும் எல்லாம் அதற்குள் இருக்கு. கடனை வட்டியையும் விளைச்சலையும் கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்க. பயிர்க் காப்புறுதி பற்றி விதைப்புக்கு முன்பே கமநல சேவை நிலையத்தில் கேளுங்க. காப்புறுதி செய்வது விசுவாசக் குறைவு இல்லை.

கேள்வி (வாழைச்சேனை): நல்ல முடிவைத் தருவேன் எண்டு கர்த்தர் சொல்ற எரேமியா 29:11ஐ கலண்டரில் பார்த்து வருஷக் கணக்காகப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறேன். ஏன் ஒன்றும் நடக்கேல்ல?

பதில்: அதற்கு முந்திய வசனத்தையும் சேர்த்துப் பிடியுங்க: 70 வருஷம். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம். அது வாசிக்கப்பட்ட நாளில் வளர்ந்தவர்களாக இருந்தவர்களில் அநேகர் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள். "இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும்" எண்டு சொன்னவன் அனனியா, 28ஆம் அதிகாரத்துப் பொய்த் தீர்க்கதரிசி. இண்டைக்கும் மாதமும் தேதியும் குறிச்சுச் சொல்றவங்களிடம் கவனமா இருங்க.

நம்பிக்கை எப்படி நடக்கும் எண்டு பார்க்க 32ஆம் அதிகாரத்துக்குப் போங்க. எருசலேமைச் சுற்றிப் பாபிலோன் படை. எரேமியா காவலில். ஆனதோத்தில் இருக்கும் ஒரு காணியை அவர் 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார், கிட்டத்தட்ட 200 கிராம். வெள்ளியைத் தராசில் நிறுத்து, சாட்சி வைத்து, உறுதியில் முத்திரை போட்டு, திறந்த பிரதியையும் சேர்த்து மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார், அநேக நாள் கெடாமல் இருக்க. காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு இடம்பெயர்ந்த நம்ம சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கேள்வி (கல்முனை): ஜெபிக்கவே வாய் வருகுதில்ல. எங்கே தொடங்க?

பதில்: புலம்பல் புத்தகத்தில், மகள். ஐந்து அதிகாரம், ஒரு நாளைக்கு ஒன்று, சத்தமாக வாசியுங்க. "காலைதோறும் புதியவைகள்" என்பது 3:23இல் இருக்கு. நேரே அதற்குப் பாயாதீங்க. அந்த அதிகாரத்தின் முதல் இருபது வசனமும் வெறும் முறையீடுதான், அதையும் உங்கள் வாயாலேயே சொல்லுங்க. வாசிக்கும்போது தொண்டை அடைச்சால் அந்த இடத்தில் நிறுத்துங்க. அண்டைக்கு ஜெபம் அவ்வளவுதான், அடுத்த நாள் விட்ட வசனத்தில் இருந்து தொடங்குங்க.